எட்டரை லட்சம் ஷில்லிங்குக்குள்

இரவுப் பணி முடிகிற நாலு மணிக்கு
நைரோபியில் மத்தாத்து வேன் கிடைப்பது அபூர்வம்.
கிடைத்தாலும் ஏறுவதற்கு முன்
உள்ளே இருக்கிற தலைகளை எண்ண வேண்டும்.
அதனால்தான் கார்.
இல்லையென்றால் எனக்கென்ன வேண்டுதலா?

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட சீட்டு
இந்த வருஷம் என் பெயருக்கு விழுந்தது.
மீதிக்கு ஆஸ்பத்திரிக் கூட்டுறவுக் கடன்.
எட்டரை லட்சம் ஷில்லிங்.
அதற்கு மேல் ஒரு வைப்பர்கூட வாங்க முடியாது.

அக்காள் வீட்டுக்காரர் ஒபாரே சொன்னார்:
"உயரமா வாங்கு, க்வம்போகா.
குழிக்குப் பயப்படாத வண்டி.
பார்த்ததும் மற்றவன் ஒதுங்கணும்."
யானை வாங்கிவிடலாம், அத்தான்,
தீனிக்கு எங்கே போவது?
உங்கள் உயரமான வண்டி
மூன்று மாதமாகச் செங்கல் மேல் நிற்பதை
அக்காள் எனக்குச் சொல்லிவிட்டாள்.

குடியிருப்பில் எனக்கு விட்ட இடம்
தண்ணீர்த் தொட்டிக்கும்
வாட்ச்மேனின் கோழிக்கூண்டுக்கும் நடுவில்.
டேப் கிடைக்கவில்லை.
என் லேசோத் துணியைத் தரையில் விரித்து அளந்தேன்:
இரண்டு துணி, இரண்டு முழம்.
கோழிகள் சம்மதித்தால் இன்னும் அரை முழம்.

அக்டோபர். கியாம்பு ரோட்டுக் கார்க் கொட்டில்களில்
ஜகரண்டா எல்லா பானெட்டிலும்
ஊதாவை உதிர்த்திருந்தது.
தரகர் முகிரா அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு
விலை சொன்னார்.

சிவப்பு: அழகு. ஆனால்
மேட்டில் ஏசி போட்டதும் மூச்சிரைத்தது,
மூன்றாம் மாடிக்கு நடந்துவந்த கர்ப்பிணி மாதிரி.
வெள்ளை: "ஜப்பானில் ஒரு டீச்சர், மேடம்,
ஞாயிறு மட்டும் ஓட்டினார்."
மீட்டரில் லட்சத்து நாற்பதாயிரம்.
ஞாயிறுதோறும் எங்கே போனார், ரஷ்யாவுக்கா?

நீலத்துக்கு அடியில் கிலொன்சோ போனான்.
பழைய பேப்பர் விரித்து, டார்ச்சைக் கடித்துக்கொண்டு.
வெளியே தெரிந்தது இரண்டு பாதம் மட்டும்.
எனக்குப் பழக்கம்தான்,
உள்ளே நடப்பதை வெளியே பார்த்து ஊகிப்பது.
தட்டினான். சுரண்டினான்.
கட்டைவிரல்கள் இரண்டும் தளர்ந்து விரிந்தன.
துரு இல்லை.

பிறகு நான் பின் கதவைத் திறந்து
சீட்டில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன்.
முகிரா சுற்றுமுற்றும் பார்த்தார்.
ஒன்பது மாத வயிறு ஒன்றைக்
கற்பனையில் வைத்துக்கொண்டேன்.
முழங்கால் மடங்கியது. பாதம் கதவை இடிக்கவில்லை.
தலைமாட்டில் இன்னொருத்தி உட்காரலாம், கையைப் பிடித்துக்கொண்டு.
எங்கள் கட்டடத்தில் நாற்பத்தாறு வீடு.
கார் வந்த செய்தி பரவின ராத்திரியிலிருந்து
என் கதவைத்தான் தட்டுவார்கள்.
லிட்டருக்கு எத்தனை என்று எழுதுகிற தாளில்
இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

சாவியைத் திருப்பினேன்.
டேஷ்போர்டிலிருந்து ஒரு பெண் பேசினாள்,
ஜப்பானிய மொழியில், மிக மரியாதையாக.
"வரவேற்கிறாள்" என்றார் முகிரா.
"குறை சொல்கிறாள்" என்றான் கிலொன்சோ.
"ஏதோ சுங்கச்சாவடிக் கார்டு போடவில்லையாம்.
இரண்டாயிரம் கொடுத்தால் பிடுங்கிவிடுகிறேன்."

எட்டேமுக்கால் என்றார் முகிரா.
ஸ்டெப்னி வழுக்கை என்றேன்.
எட்டு அறுபது.
எழுந்து நடந்தேன். கேட் வரைக்கும்.
கேட்டுக்கு வெளியே இரண்டு எட்டும்.
எட்டரை.

கிலொன்சோவுக்குக் கூலி கொடுத்தேன்.
அந்த இரண்டாயிரத்தைக் கொடுக்கவில்லை.

நேற்று நாலு மணி.
மூன்று பிரசவம், ஒன்று இரட்டை.
காலில் இன்னும் ரப்பர் செருப்பு.
சாவியைத் திருப்பினேன், அவள் சொன்னாள்.
"தெரியும்மா, கார்டு இல்லை" என்றேன்.
அன்று நான் பேசியதில்
அவசரமில்லாமல் பேசின முதல் வாக்கியம்.

தோம்போயா தெரு முழுக்க எனக்கு.
சிக்னல் சிவப்பில் யாருமில்லாமல் நின்றேன்,
நிற்க ஒரு கூடு இருந்ததால்.

வீட்டுக்கு முந்தின கடைசி வேகத்தடையில்
அடிவயிறு நன்றாக உரசியது.
ஒபாரே அத்தானிடம் இதைச் சொல்லப்போவதில்லை.