ஆற்றாத தேநீர்

கீழமாசி வீதியில் கால் கிலோ கற்கண்டு.
"பெரிய கல்லாப் பாத்துப் போடுங்கண்ணே" என்றேன்.
"கோயிலுக்கா, இருமலுக்கா?"
டீக்கு என்றதும்
தராசை விட்டுவிட்டு
என் முகத்தை நிறுத்தார் கடைக்காரர்.

லேயர் என்றொரு ஊர். வடகடல் பக்கம்.
மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.
அங்கே ஒரு முதியோர் இல்லத்தில்
பதினெட்டு மாதம்
படுக்கை மாற்றினேன், மாத்திரை எண்ணினேன்.
இரவுப் பணியில் அன்ட்யா
மூன்று மணிக்குக் கூப்பிடுவாள்.
முதலில் கல்.
அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சாயம்.
பிறகு ஓரமாக, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றி,
ஒரு கரண்டி பாலாடை.
நேரத்தைப் பிடித்து வைக்குமாம் அது.
கிண்டக் கூடாது.
மூன்று கோப்பைக்குக் குறைந்தால் மரியாதை இல்லை.
போதுமென்று வாயால் சொல்ல வேண்டியதில்லை,
கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டால்
புரிந்துகொள்வார்கள்.

நானோ
செல்லூர்ப் பாலத்தடியில்
இரண்டு முழ உயரத்திலிருந்து விழுந்து
நுரைத்ததைக் குடித்து வளர்ந்தவள்.
ஆற்றாமல் எப்படி, என்று கேட்க
என் ஜெர்மனில் அந்த வினைச்சொல் இல்லை.

இப்போது எனக்கெதிரே
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான் செழியன்.
இரண்டு வயது, நான்கு மாதம்.
நான் கிளம்பியபோது தவழ்ந்தவன்.
என் நாத்தனார் அழகுமீனா அவனுக்கு அம்மா.
நான் போனம்மா.
வந்த முதல் வாரம்
என் கன்னத்தில் விரலை வைத்துத்
தள்ளித் தள்ளிப் பார்த்தான்,
அடுத்த படம் வருமா என்று.

அக்னி நட்சத்திரத்து மத்தியானம்.
கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
அவள் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள்.
வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருப்பது
இதுதான் முதல் தடவை.
யாரைப் பார்த்து யாருக்குப் பயம் என்று
சொல்லத் தெரியவில்லை.

அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்.
வெதுவெதுப்பான ஆவின் பால்,
பேருக்கு இரண்டு சொட்டுச் சாயம்.
என் கோப்பையில் கல்லைப் போட்டு
கொதிக்கும் தேநீரை ஊற்றினேன்.

டப்.

காதைச் சாய்த்துக்கொண்டு நெருங்கி வந்தான்.
உள்ளே இன்னொரு விரிசல். டிக்.
"யாரு?"
"கல்லு."
"கல்லு அழுதா?"
சூடு பட்டா அப்படித்தான்டா, என்று
தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
பாலாடையை ஓரமாய் விட்டேன்.
அடியில் போய் மெல்ல எழும்பி வந்தது மேகம்.
மதுரை வானத்தில் இரண்டு மாதமாய் இல்லாத மேகம்.
அவன் அதைப் பார்க்கவே இல்லை.
கன்னம் உப்ப
முழங்கால் சிராய்ப்புக்கு அவள் ஊதுவாளே
அப்படி
உஃப், உஃப் என்று ஊதினான் கல்லுக்கு.
மேகம் கலைந்தது.
பாதித் தேநீர் தட்டில்.
அன்ட்யா பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பாள்.

கேட் சத்தம்.
"அம்மா!" என்று எழுந்து ஓடினான்.
"என்ன மதினி, பச்சைப் புள்ளைக்குப் போயி டீயா?"
"பாலுதான் மீனா."
அரிசிப் பையை இறக்கி வைத்து
அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
அந்த இடுப்பு அவனுக்கு அளவெடுத்தது போல் இருந்தது.

அங்கிருந்தே கையை நீட்டினான்:
"போனம்மா, கல்லு. இன்னொரு கல்லு."

இரண்டாவது கோப்பைக்குக்
கெட்டிலைத் திரும்ப அடுப்பில் வைக்கிறேன்.
மீனாவுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.
என் கரண்டி
இன்னும் தட்டில்தான் இருக்கிறது.