கழித்தல் குறி

உங்கள் முகம் எனக்குத் தெரியாது.
வலது கை தெரியும்.
சுண்டுவிரல் நகத்தில் ஒரு கறுப்பு,
எப்போதோ கதவிடுக்கில் நசுங்கியிருக்க வேண்டும்.
எல்லாப் பாடத்திலும் எட்டாம் நிமிடத்தை ஒட்டி
இருமுவீர்கள்.
நானும் ஒரு வாய் தேநீர் குடித்துக்கொள்வேன்.

கோபிப் பாலையின் தென்கோடியில்
எடைமேடைக்காரி நான். பெயர் நந்தின்செத்செக்.
நிலக்கரி லாரிகள் இரவு முழுக்க
எல்லையை நோக்கி ஊர்கின்றன.
ஒன்று ஏறி நிற்கும். எண் ஒளிரும்.
மொத்தத்திலிருந்து வெற்று வண்டியைக் கழித்துச்
சீட்டில் எழுதி முத்திரை குத்துவேன்.
இருபத்தாறு வயதிலிருந்து கழிக்கிறேன்.
ஆறு வருடம் கழிந்திருக்கிறது.

கூண்டுக்குள் சிக்னல் வராது.
வெளியே இரும்பு ஏணியின் நாலாவது படியில்
மேற்குப் பார்த்து நின்றால் இரண்டு கோடு.
அங்கே நின்று உங்களை இறக்கிக்கொண்டு
உள்ளே ஓடிவருவேன்.
மைனஸ் இருபத்தெட்டில்
நாற்பது சதவீதம் இருக்கும்போதே போன் செத்துவிடும்.
கோட்டுக்குள், உள்சட்டைக்குள்,
வயிற்றோடு வைத்துக் காப்பேன்.
லாரிக்கார பியாம்பாஜாவ் கேட்டான்:
"எத்தனை மாதம்?"
"நுண்கணிதம். மூன்றாம் அத்தியாயம்."
அதற்கப்புறம் அவன் என்னோடு வம்புக்கு வருவதில்லை.

பாடம் ரஷ்ய மொழியில்.
எனக்கு அதில் ரொட்டி வாங்கக்கூடத் தெரியாது.
ஆனால் "எனக் கொள்வோம்" தெரியும்.
"ஆகவே" தெரியும்.
"எல்லையை நெருங்கும், ஆனால் தொடாது" தெரியும்.
இதை மட்டும் நீங்கள் விளக்கியிருக்க வேண்டாம்.
மூன்று நாளாக வரிசையில் நிற்கும்
எந்த ஓட்டுநரும் சொல்வான்.

இலவசம் என்று போட்டிருந்தது.
முழு உண்மை இல்லை.
டேட்டாவுக்கு ஒரு மாத இறைச்சியில் பாதி போகிறது,
பகல் தூக்கம் போகிறது.
ஆனாலும் நீங்கள் என்னிடம்
சான்றிதழ் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை,
பத்தாம் வகுப்போடு ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை.

காசை மிச்சம் பிடிக்க
ஆகக் கீழான தரத்தில்தான் பார்ப்பேன்.
அதில் உங்கள் ஆறும் எட்டும் ஒரே மாதிரி
இரண்டு கறுப்புப் பூச்சி.
எந்தப் பூச்சி எந்த எண் என்று கண்டுபிடிக்க
நானே கணக்கைப் போட்டாக வேண்டும்.
நல்ல போன் இருந்திருந்தால்
வெறுமனே பார்த்துத் தலையாட்டியிருப்பேனோ என்னவோ.

பதினேழாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.
உங்கள் விடை வேறு, என் விடை வேறு.
முதல் இரவு, நான் முட்டாள்.
இரண்டாம் இரவு, எடைச்சீட்டுகளின் முதுகில்
பதினொரு தடவை போட்டேன்; பதினொரு தடவையும் நான் முட்டாள்.
மூன்றாம் இரவு
கொசைனை வகையிட்ட இடத்தில்
ஒரு சின்னக் கோடு கண்ணில் படவில்லை.
மங்கலில் கரைந்திருக்கும் என்று நினைத்தேன்.
மாத டேட்டா மொத்தத்தையும் கொட்டி
அந்த ஒரு பாடத்தை உச்சத் தரத்தில் இறக்கினேன்.
ஏணியில் நாற்பது நிமிடம்.
கண்ணிமை ஒட்டிக்கொண்டது.

பளிங்கு மாதிரித் தெரிந்தது எல்லாம்.
பலகையின் விரிசல். சட்டைக் கையில் சாக்குத்தூள்.
கழித்தல் குறி மட்டும் இல்லை.

சந்தோஷம் என்று சொல்ல முடியாது.
பெரிய மனிதரின் சட்டையில் பொத்தான் விட்டுப்போனதைப்
பார்த்துவிட்டது போல, கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.
ராத்திரிக்கு நூறு வண்டி கழிக்கிறவள்,
கழித்தல் விட்டுப்போனால் எனக்குத் தெரியாதா,
என்றும் தோன்றியது.

பிறகு அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினேன்.
எட்டாம் நிமிடம்.
மற்ற நாள் போல ஒற்றை இருமல் இல்லை,
மூச்சுத் திணறும் இருமல். கை பலகையைப் பிடித்துக்கொள்கிறது.
அது அடங்கி எழுதிய முதல் வரியில்தான்
கோடு விட்டுப்போயிருக்கிறது.

பாடம் பதிவாகிப் பன்னிரண்டு வருடம்.
திரையில் படிந்த ஆவியின் மேல்
விரலால் அந்தக் கோட்டைப் போட்டேன்.
அன்றைக்குக் காய்ச்சலா ஐயா?
யாராவது தேநீர் கொடுத்தார்களா?

வெளியே ஹாரன்.
ஏறிவிட்டான், எண் ஒளிர்கிறது, இருங்கள்,
வந்துவிடுகிறேன்.