எட்டும் எட்டும்

ஆடியில் விற்றேன்.
ஊரே தள்ளுபடியில் இருந்தபோது
நானும் கொஞ்சம் என்னைத் தள்ளுபடி செய்துகொண்டேன்.

பெரிய ரேம் ஒன்று வாங்கிப் போட்டதும்
கழற்றி வைத்த பழசு, எட்டு ஜிபி இரண்டு.
டிராயரில் ஸ்டேப்ளர் பின்னுக்கும்
காலாவதியான குரோசினுக்கும் நடுவே
ஒன்றரை வருடம் சும்மா கிடந்தவை.

எஸ்.பி. ரோடு மாடிக்கடையில் நயாஸ்
பித்தளை நிறப் பற்களைக் கட்டைவிரலால் துடைத்து
"ரெண்டும் சேர்த்து ஆயிரத்து இருநூறு, அக்கா" என்றான்.
பேசிப் பேசி முந்நூறாக்கினேன்.
ஜெயித்த நூறு ரூபாயில்
அவென்யூ ரோடு முனையில் மசால் தோசை, காபி.
மிச்சம் எதற்குப் போனதோ,
சத்தியமாக நினைவில்லை.

கார்த்திகையில் முகூர்த்தங்கள் குவிந்தன.
கல்யாண ஆல்பம் செய்கிறவள் நான்;
ஸ்ரீராம்புரத்தில் ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர்.
ராத்திரி ஒன்றரைக்கு
தாலி கட்டும் படம் மேலிருந்து வரிவரியாக இறங்கி
மணப்பெண்ணின் மூக்குத்தியோடு நின்றது.
அப்புறம் நீலம்.
அப்புறம் மூன்று பீப்.
பெரியவர் போய்விட்டார், வாரண்டி முடிந்த மறுவாரம்.

எஸ்.பி. ரோடில் எதிர்க்கடைக் கதவில்
'ரேம் இல்லா' என்று கன்னடத்தில் ஓர் அட்டை.
நயாஸ் சொன்ன தொகையை
இரண்டுக்குமாக்கும் என்று தலையாட்டினேன்.
ஒன்றுக்காம்.
அதுவும் காலை விலையாம்.
"சிப்பெல்லாம் ஏஐக்காரங்க அள்ளிட்டுப் போறாங்க அக்கா,
நமக்குச் சிந்தினதுதான்."
பக்கத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க நின்ற பையனை
இருவரும் ஒருமுறை பார்த்தோம்.
அவனும் நோட்டுதான் எண்ணிக்கொண்டிருந்தான்,
ஒன்று குறைந்தது போல, மறுபடி முதலிலிருந்து.

கண்ணாடிக்குள் மூன்றாவது வரிசை.
ஓரத்தில் ஒரு துளி ஊதா நெய்ல் பாலிஷ்.
எந்த ஸ்லாட்டுக்கு எது என்று நான் வைத்த பொட்டு.

"இது என்னோடது."

நயாஸ் மறுக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான்.
"நூறு ரூபா லாபத்துக்கு
தும்கூர்ப் பையன் ஒருத்தனுக்குத் தள்ளினேன்.
போன வாரம் அவன்கிட்டயே
நாலாயிரத்துக்குத் திரும்ப வாங்கினேன், இது ஒண்ணை மட்டும்.
இன்னொண்ணு தரமாட்டானாம்.
நீங்க வந்து என்கிட்ட அழறீங்க.
நான் எந்தக் கடைக்குப் போக?"

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.
நாலாயிரத்து எழுநூறு.
இந்தமுறை பேரம் பேசவில்லை;
டீக்காசை மட்டும் அவனே கொடுத்தான்.

ராத்திரி மூக்குத்தியைத் தாண்டி இறங்கியது படம்,
மெதுவாக, ஒற்றைக்காலில் படியிறங்குவது போல:
உதடு, மாலை, மாப்பிள்ளையின் விரல்கள், முதல் முடிச்சு.
மிச்சம் இரண்டு முடிச்சு
நாத்தனார் படத்தில். அது திறக்க நேரமாகும்.

அதுவரை டிராயரைக் குடைந்தேன்.
விஜிஏ கேபிள் இரண்டு,
கதவு திறக்காத டிவிடி டிரைவ்,
எந்த போனுக்கென்று தெரியாத சார்ஜர்.
எதையும் தூக்கிப்போடக் கை வரவில்லை,
அந்தக் குரோசினைக்கூட.