கம்பியப் பிடிங்க

முப்பத்தொரு வருசம் நான் சொன்ன வசனம் அது.
மட்டக்களப்பிலிருந்து கல்முனை,
கல்முனையிலிருந்து மட்டக்களப்பு.
"உள்ளுக்குப் போங்க, கம்பியப் பிடிங்க."

பழைய கல்லடிப் பாலத்து வாயில்
சாரதி பிறேக்கை மிதித்தால்
பிடிக்காத ஆட்கள் எல்லாரும்
முன்னுக்கு வந்து சேர்வார்கள்.
நான் பிடித்ததே இல்லை.
ஒரு கையில் டிக்கட் புத்தகம், மறு கையில் சில்லறை,
இடுப்பை சீற்றில் முட்டுக்கொடுத்து
நடந்தே தீர்த்தேன் அந்தத் தூரத்தை எல்லாம்.

இப்போது திராய்மடுவில்
கக்கூசுக்கு ஏறும் ஒன்பது அங்குலப் படியில்
சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு தந்த வீடு.
நல்ல மனிதர்கள்தான் வரைந்தார்கள்.
வரைந்தவருக்கு முழங்கால் இருந்திருக்கும்.
எனக்கும் அப்போது இருந்தது.

மோட்டார் சைக்கிளை விற்றேன்.
எப்படியும் கிக்கரை உதைக்கப்
பக்கத்து வீட்டுப் பொடியனைத்தான் கூப்பிடுகிறேன்.
அந்தக் காசுக்கு ஒரு கொமட்,
சொரசொரத்த தரைக்கல் நாலு பெட்டி,
கம்பி மூன்று.
"கடல் காத்து அண்ணே, இரும்பு வேணாம்,
ரெண்டு மாரிக்குள்ள தின்டுரும்" என்றார்
காத்தான்குடி மேசன் ஜவ்பர்.

முதல் நாள் படியை உடைத்தார்.
அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் கதவைக் கழற்றி
வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்.
ஏன் என்று கேட்டேன்.
"உள்ளுக்கு விழுந்தா
விழுந்த ஆளே கதவுக்கு அண்டயாக் கிடப்பாரு.
தள்ள ஏலா."
சீமெந்தைக் குழைத்தபடி, மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.
நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

கொண்டியும் புதுச் சாதி.
வெளியே ஒரு வெட்டு இருக்கிறது,
குத்திக் காசை விட்டுத் திருப்பினால் திறக்கும்.
அங்கேதான் இராசநாயகி வாயைத் திறந்தாள்:
"மறுகா அது என்னத்துக்குக் கொண்டி?
கிணத்தடியில குளிச்சன், முகாமில குளிச்சன்.
எனக்கெண்டு கிடைச்ச ஒரே பூட்டு இது."
ஜவ்பர் சாந்தகப்பையைக் கழுவப் போய்விட்டார்.
எனக்குக் கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் கம்பி.
நான் நிமிர்ந்து நின்று கையை நீட்டினேன்.
ஜவ்பர் காதிலிருந்த பென்சிலை எடுத்து
சுவரில் ஒரு கோடு போட்டார்.
"அதுக்குக் கீழ" என்றாள், குசினி வாசலில் இருந்து.
எவ்வளவு கீழே?
சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.
சுவரோரம் குந்தி,
பார்க்காமலே ஓர் இடத்தில் கையை வைத்தாள்.
"இஞ்ச.
இஞ்ச புடிக்கத்தான் ஒண்டுமில்லாமப் போச்சு."

எப்ப?

தைப்பூசத்துக்கு முதல் நாளாம்.
முழங்கையில் அந்த நீலம், வாளி பட்டது என்றாளே, அது.
நானும் நம்பி
வாளியை ஏசி ஏசித் தைலம் பூசினேன்.

ஆறே காலுக்குக் களுவாஞ்சிகுடியில் ஏறும் மரக்கறிக்காரிகள்,
ஆரையம்பதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
மேல் கம்பி அவர்களுக்கு ஒரு முழம் உயரம்.
ஒருத்தி மற்றவளின் தோளைப் பிடித்தாள்,
சிலர் என் சட்டைப் பையைப் பிடித்தார்கள்.
பிடிங்க, பிடிங்க என்று கத்தினேன்.
எட்டுதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கம்பி அவள் காட்டிய இடத்தில்தான் இருக்கிறது.
நான் கொஞ்சம் குனிய வேண்டும்.
குனிகிறேன்.

நிலைக்கு மேலே, எட்டுகிற இடத்தில்,
ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்று வைத்திருக்கிறேன்.
உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால்
கை தானாக அங்கே போகிறது.
மறுபடி ஊற்றுவாள்.
கையைக் கீழே விடுவேன்.

அவளுக்கும் தெரியும்.
வெள்ளிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டுபோய்ப்
பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வருகிறாள்.
நான் இன்னொன்று வைக்கிறேன்.