மைனஸ் பதினெட்டு

அவளைக் கேட்டவர்கள் அப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
அடுத்த ஆள் நான்.

மீன் வெட்டும் கூடத்தில் ரப்பர் கையுறையோடு நின்று
பாடிக்கொண்டிருந்தாள்.
பின்னால் குளிரூட்டும் எந்திரம் ஓயாமல் உறுமியது.
யார் எடுத்த வீடியோவோ, ஆடிக்கொண்டே இருந்தது.
மொழி புரியவில்லை. கையுறை புரிந்தது.
இதே மஞ்சள். இதே முழங்கை வரை.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே மாங்கூழ் ஆலை,
குளிர் அறை இரண்டு.
வைகாசி வெயிலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள்
கேட்டைத் தாண்டி வரிசை நிற்க
உள்ளே என் மூச்சு வெள்ளையாய் வரும்.
அவள் ஊருக்கு நான் இருபது நிமிடம் போய்வரலாம்.
அதற்கு மேல் நிற்க விடமாட்டார்கள்.

பெயர் ஆல்ஃப்ரூன் ஸ்டெய்ன்ஸ்டோட்டிர்.
வாயில் நுழைய ஒரு வாரம் ஆனது.
ஸ்டெய்னின் மகள் என்று பொருளாம்.
ஸ்டெய்ன் என்றால் கல்லாம்.
ஐஸ்லாந்திலும் அப்பா பெயர்தான்.
நான் மா. சுகந்தி.
மா என்றால் மாதையன்,
பர்கூரில் கிரானைட்டுக்கு பாலிஷ் போடுகிறவர்.
ஆலையில் மாம்பழம் என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள்.
யார் கல்லின் மகள் என்று
அவர்களுக்கு என்ன தெரியும்.

அவள் நாடே நம் ஜில்லாவில் கால்வாசி தேறாது.
அடுத்த சீசனுக்குள்
அதைப்போல் பத்து நாடுகள் அவளைக் கேட்டன.
லண்டன். டோக்கியோ.
ஒரு சென்ட் விளம்பரத்தில் தோள் மட்டும்.
முடியைக் காதோடு வெட்டினாள்,
அந்த வாரமே ஓசூர் பஸ்ஸில் ஒருத்திக்கு அதே வெட்டு.
சூப்பர்வைசர் கோவிந்தப்பாவின் ரிங்டோன் இப்போது அவள்.
அது அடிக்கும்போதெல்லாம்
யாரோ என் டிபன் பாக்ஸைத் திறந்தது போல் இருக்கும்.

கார்த்திகையில் பெங்களூருக்கு வந்தாள்.
டோல்கேட் தாண்டினால் இரண்டு மணி நேரம்.
டிக்கெட் ஆறாயிரத்து ஐந்நூறு,
என் கூலியில் பதினான்கு நாள்.
பணம் இருந்தது. லீவும் கேட்டு வாங்கியிருந்தேன்.
போகவில்லை.
நாற்பதாயிரம் பேருக்கு நடுவில் நின்று
அவளை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.
தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கினேன்.

போன வாரம் அந்த முதல் பாட்டைத் திரும்ப வெளியிட்டிருக்கிறாள்.
சுத்தமாக. வயலின்களோடு.
எந்திர உறுமலை ஒரு இழை விடாமல் துடைத்துவிட்டார்கள்.
நன்றாகத்தான் இருக்கிறது.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரவு ஷிஃப்ட், இரண்டரை மணி.
குல்லாவுக்குள் ஒரு காதில் மட்டும் அவளை வைத்துக்கொண்டு
டிரம்களுக்கு இடையே நுழைந்து
கம்ப்ரசர் சுவரில் சாய்ந்தேன்.
அது இழுத்தது, ஒரு தடவை குலுங்கியது,
பிடித்துக்கொண்டது.
அதே சுருதி. இல்லை, கொஞ்சம் இறக்கம்.
பரவாயில்லை.
அங்கே துடைத்ததையெல்லாம்
என் இன்னொரு காதில் ஊற்றிக்கொண்டிருந்தது
கிரீஸ் பார்த்து வருசக்கணக்கான எங்கள் எந்திரம்.

நாலு நிமிடம்.
அப்புறம் கதவைத் தட்டினார்கள்,
‘ஏ மாம்பழம், உள்ளேயே உறைஞ்சிட்டியா.’