பதிமூன்றாம் நம்பர்

இரண்டு பேருக்கும் பந்து கொடுத்த கை இது.
அதனால் என்னைக் கேட்கிறார்கள்,
ஜாலஹள்ளி கிராஸ் டீக்கடையில்,
ஞாயிறு ஆட்டம் முடிந்து வரும் பையன்கள்:
யாருண்ணே பெரிய ஆள்?
மாசிலாமணியா, பெள்ளியப்பாவா?

உயரம் என்றால் பெள்ளியப்பா.
ஆறடி ஏழங்குலம். குடகிலிருந்து பஸ்ஸில்
கழுத்தைச் சாய்த்தபடியே வந்து இறங்கி
இரண்டு நாள் சாய்த்தபடியே நடந்தான்.
மாசிலாமணி ஆறு நாலு.
ஃபேக்டரிப் பதிவேட்டில் ஆறு ஐந்து;
அந்த ஓர் அங்குலம் கோச் தந்த இன்கிரிமென்ட்.

பெள்ளியப்பா பந்தைக் கேட்பது
கொடுத்த கடனைக் கேட்பதுபோல.
தெருவே திரும்பிப் பார்க்கும்.
உள்ளங்கையில் ஓர் அறைச் சத்தம்,
ஒரு தோள், ஒரு சுழல்,
கம்பம் ஆடி நிற்பதற்குள்
திரும்பிப் பாதி மைதானம் ஓடியிருப்பான்.

மாசிலாமணி கேட்கவே மாட்டான்.
முதுகைக் காட்டி நின்று
இடுப்புக்குப் பின்னால் இடது கையை விரிப்பான்,
கண்டக்டரிடம் சில்லறை வாங்குகிறவன்போல
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
பாதி நேரம் அது எனக்கே திரும்பி வரும்,
நான் காலியாக நிற்பது
அவன் முதுகுக்குத் தெரிந்து.

ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டாதீர்கள்.
எண்பத்து நாலு ஃபைனலில்
பெள்ளியப்பா முப்பத்தொன்று, மாசிலாமணி எட்டு.
மாசிலாமணி நின்று மறித்த ஆட்களை
எழுத அதில் கட்டம் கிடையாது.
எழுதிய சீனப்பாவுக்கு
பென்சில் சீவுகிற வியாதி வேறு.

அப்புறம் ஷூ.
பதிமூன்றாம் நம்பர் பெங்களூரில் கிடைக்காத காலம்.
கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்காரர்
எட்டு மாதம் அலைக்கழித்து
ஒரே ஒரு ஜோடி தருவித்தார்.
காசு சுண்டினோம். பெள்ளியப்பாவுக்கு விழுந்தது.
மாசிலாமணி ஒரு பிளேடு வாங்கி
தன் கான்வாஸின் மூக்கை அரிந்துவிட்டு
விரல்கள் வெளியே தெரிய அந்த ஃபைனலை ஆடினான்.
முப்பத்தொன்றில் ஷூவுக்கு எத்தனை?
கழித்துச் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்.

எதிரெதிராக அவர்கள் ஆடியது ஒரே ஒரு மாலை.
ஜூன் மழை விட்ட சிமெண்ட் தரை,
வழுக்குமென்று எல்லாரும் வெறுங்கால்.
பத்துக்குப் பத்து. நான் மாசிலாமணி பக்கம்.
கரண்ட் போயிற்று.
நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை.
இடுப்புக்குப் பின்னால் கை இருந்திருக்கும்,
எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.
'இங்க' என்றது ஒரு குரல்,
ஆட்டத்தில் அதுவரை நான் கேட்டிராத குரல்.
எப்போதும் கத்துகிற பெள்ளியப்பாவிடமிருந்து
மூச்சுகூட இல்லை.
கொடுத்தேன்.
வளையத்தில் பட்ட சத்தம். பிறகு கால்கள்.
பிறகு தண்ணீரில் எதுவோ விழுந்தது.

விளக்கு வந்தபோது
பந்தின்மேல் நான்கு கைகள்.
இருவரும் தரையில், முட்டிகளில் ரத்தம்.
கோச் விசில் ஊதினார். விடவில்லை.
மறுபடி ஊதினார்.
நாங்கள் போய்
சைக்கிள்களை எடுத்துக்கொண்டோம்.

டீ ஆறுகிறது. பையன்கள் விடுவதாயில்லை.
பெள்ளியப்பா, என்பேன் ஒரு வாரம்.
அடுத்த வாரம் வேறு பையன்கள் வந்தால்
மாசிலாமணி.
இரண்டு தடவையும் பொய் சொன்ன மாதிரி இருப்பதில்லை.

இன்றைக்குப் புதிதாக ஒருவன்,
பெஞ்சுக்கு அடியில் கால் அடங்காமல்
பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்திருந்தான்.
என்னப்பா நம்பர் என்றேன்.
பதினாலுண்ணே.
நேத்துதான் போன்ல ஆர்டர் போட்டேன்,
நாளைக்கு வந்துடும்.