பலாமரத் தூள்

மூன்று நாள் வாய் திறக்கவில்லையாம்.
நாலாம் நாள் கெடிலம் பாலத்தில் ஏறும்போது
பின்சீட்டுக்கு அடியிலிருந்து
தாயைத் தேடும் கன்றுபோல் ஓர் இழுவை.
மல்லாட்டை மண்டி தனகோட்டி ரெட்டியார்
திருப்பாப்புலியூரில் என் கொட்டகை முன் நிறுத்தி
இறங்காமலே சொன்னார்:
"புதுச்சேரியில் வாங்கினது. நொத்தேர் வைத்திருந்த வண்டி."

சத்தத்தை நம்பக் கூடாது.
ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் பேசும்.
கேப்பர் மலை மேட்டுக்கு ஓட்டிப் போனேன்.
மிதித்தால் அழுகிறது, காலை எடுத்தால்
முக்கால்வாசி அடங்குகிறது.
இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு
சும்மா உருளவிட்டேன். அப்போதும் முனகல்.
சரி, கியர்ப் பெட்டி மேல் பழியில்லை.

ஜாக்கியில் பின் அச்சைத் தூக்கினேன்.
ஒரு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து
மறு சக்கரத்தை அசைத்தேன்,
டயரில் சுண்ணாம்புக் கோடு
இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும்
நாலு விரல்.
அவ்வளவு தூரம் எதையும் தொடாமல் திரும்புகிறது,
இருட்டில் சுவரைத் தேடும் கைபோல.

மூடியின் பூட்டுக்கம்பியை அறுக்கப் போனபோதுதான்
பார்த்தேன். இடப்பக்கமாய் முறுக்கியிருந்தது.
நான் இடக்கைக்காரன்.

உள்ளே கிரீஸ் இல்லை, களி.
மஞ்சள் களி. பலாமரத் தூளும் மெழுகும்
நான் பிசைந்த பக்குவத்திலேயே இருந்தன.
வைகாசியில் நொத்தேர் செத்த பதினாறாம் நாள்
டிரைவர் மரியநேசன் ஐந்து ரூபாயோடு வந்தான்,
"விற்கிற வரைக்கும் பேசாமல் இருந்தால் போதும்."
வாங்க ஆளில்லாமல் தை வரைக்கும்
படுதாவுக்குள் நின்றிருக்கிறது போலும்.
நான் ஆடியிலேயே எல்லை தாண்டி
இங்கே கடை போட்டுவிட்டேன்.

துணிக்குப் போடும் நீலத்தை
விளக்கெண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவினேன்.
ஒரு சுற்று. நீலம் ஓரத்தில் மட்டும் அழிந்தது:
பினியன் தள்ளி நிற்கிறது.
மண்ணெண்ணெய் டின்னில் வாஷர் வெட்டிச் சொருகி
மறுபடி தடவி, மறுபடி கழற்றி,
ஏழாவது வாஷரில்
பல்லின் நடு வயிற்றில் விழுந்தது கறை.
அதற்குள் லாந்தரில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

காலையில் ரெட்டியார் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.
"எந்தப் பயல் வேலை இது?"
"அந்தப் பக்கம் நிறைய பேர் செய்வார்கள்" என்று
கையைச் சாக்கில் துடைத்தேன்.
நகக்கண்ணில் நீலம் போகவில்லை.
கூலி வேண்டாம் என்றேன்.
அதுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.
என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் ஆனது.
பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"அந்தத் தூளைக் கொட்டிவிடாதே.
என் மச்சினன் ஒரு வண்டி விற்கப் போகிறான்.
எத்தனை மைல் தாங்கும்?"